பேர் வைத்த மூடிகள்

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்து மெஷினை நிறுத்தினேன். தோளில் கிடந்த துண்டை உருவி, என் மச்சினனின் வலது கையில் முழங்கைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு மரத்துண்டைச் செருகி முறுக்கினேன். முழங்கைக்குக் கீழே கட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. துண்டு புதுசு. வெள்ளை. முந்தின நாள்தான் என் மனைவி வாங்கி வந்திருந்தாள். நல்ல நூல், முறுக்கு நின்றது.

துண்டை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நேற்று நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான், இன்ஸ்பெக்டர் மேடம். "ஃபிட்டர் கையில வெள்ளைத் துண்டு எப்படி வந்துது?" என்றீர்கள். இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன். நியாயமான கேள்வி. ஃபிட்டர் என்றால் கையில் எண்ணெய் ஊறிய வேஸ்ட் துணி இருக்கும், கிரீஸ் இருக்கும். வெளுத்த துணி அவன் கைக்கு வந்தால் பத்து நிமிஷம் தாங்காது. மில்லில் இருபத்தேழு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குத் தோன்றாதது, மெஷின் வேலையே தெரியாத உங்களுக்குத் தோன்றியது.

துண்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மெஷின்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ கொலைவெறி பிடித்தவன் என்று எழுதிக்கொள்வீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மர மில்லுக்கே ஒரு மோட்டார்தான். கொட்டகை மூலையில் அது ஓடும். கூரையடியில் நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுழலும். தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி, ஒவ்வொரு மெஷினையும் சுழற்றும். பெல்ட் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் குனிந்துகொள்வோம். அப்புறம் மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று வந்தது. வேகம் இரண்டு மடங்கானது. கையால் இழைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் பிடிக்கிற பலகையை, மெஷின் ஒருவர் டீ குடித்து முடிப்பதற்குள் இழைத்துப் போட்டுவிடும்.

மெஷின் செய்கிறவர்கள் முதலில் வேகத்தைத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கை உள்ளே போகாமல் தடுக்கிற மூடி பிற்பாடு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலத்துக்குத்தான் ஃபிட்டர்.

என் அண்ணன் அங்கே வட்ட ரம்பத்தில் இருந்தார். என்னை மில்லில் சேர்த்துவிட்டதே அவர்தான். வட்ட ரம்பத்தில் ஒரு குணம் உண்டு. அறுபட்ட மரம் சில சமயம் பின்பக்கம் சுருங்கி, பல்லைக் கவ்விக்கொள்ளும். அப்போது ரம்பம் மரத்தைத் தூக்கி ஆளின் மேலேயே எறியும். பிடித்திருந்த கை தடுமாறி ரம்பத்தின் மேல் விழும். பின்னால் ஒரு தகடு வைத்துப் பிளவைத் திறந்தே வைத்திருந்து, மேலே ஒரு மூடியும் போட்டால் ஆபத்து இல்லை. நான் தகரத்தில் ஒன்று செய்துகொண்டு போய் முதலாளியிடம் காட்டினேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவசரக்காரர். இதை மாட்டினால் வேலை பாதியாகிவிடும் என்றார். அண்ணன் அதற்கு மேலே போனார். எல்லோரையும் கூப்பிட்டு, "பாருங்கப்பா, என் தம்பி ரம்பத்துக்குத் தொப்பி தச்சிட்டு வந்திருக்கான். அடுத்தது சட்டை தைப்பான்" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆறு மாசத்தில் அண்ணனின் மூன்று விரல்கள் போயின. அது என் வேலை இல்லை. அதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மரத்தூளுக்கு ரத்தத்தைக் கண்டால் தாகம். விரல்களைத் தேடி எடுத்தபோது அவை ஈரமே இல்லாமல், மாவில் புரட்டியவை போல இருந்தன. நான்தான் பொறுக்கினேன். வேஸ்ட் துணியைத் தவிரக் கையில் ஒன்றும் இல்லை. அதிலேயே காயத்தைக் கட்டினேன். அழுக்கு ஏறி, விரல் போன கை மணிக்கட்டுவரை அழுகி, பிற்பாடு இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டும்படி ஆனது என்னுடைய துணியால்தான். அதை நான் மறக்கவில்லை.

நான்காம் நாள் முதலாளி என் அறை வாசலில் வந்து நின்று, "அந்தத் தொப்பியைக் கொண்டு வந்து மாட்டுப்பா" என்றார்.

மாட்டினேன். ஆட்கள் அதற்கு அண்ணன் மூடி என்று பேர் வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ரம்பத்துக்கு வந்த புது ஆள், பெரிய பலகைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றப் போனான். நாலு பேர் ஓடிவந்து தடுத்தார்கள். "அது அண்ணன் மூடி. கையை வைக்காதே" என்றார்கள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துவைத்தேன், அவ்வளவுதான்.

அடுத்தது மோல்டிங் மெஷின். நட்டுக்குத்தாக நிற்கிற அச்சில் கத்திகள் சுழலும். மரத்தின் விளிம்பில் வளைவும் வரியும் போடும். அதில் இருந்தவரைப் பாட்டுக்காரர் என்போம். மெஷின் இரைச்சலையும் மீறி நாள் முழுக்கப் பாடுவார். குரல் நன்றாகவே இருக்கும். அந்த மெஷினுக்கு நான் சீப்பு மாதிரி ஒரு கம்பி மூடி செய்தேன். முதலாளி பார்க்கலாம், பார்க்கலாம் என்றே பதினான்கு மாசம் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் மாட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பார்த்தால் அது சுவரில் ஆணியில் தொங்கியது. பாட்டுக்காரர் அதில் தன் சட்டையை மாட்டிவைத்திருந்தார். "நல்லா செஞ்சிருக்கே ஃபிட்டரே. சட்டை கசங்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்.

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. தப்பு முதலாளியிடமும் இல்லை, பாட்டுக்காரரிடமும் இல்லை. சும்மா வருகிற மூடியை யாரும் மதிப்பதில்லை. வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றிப் போடுகிறார்கள். ஆனால் பேர் வைத்த மூடியைக் கழற்ற யாருக்கும் கை வராது. கழற்றினால் அந்த ஆளையே அவமதித்தது போல. அண்ணன் மூடி அப்படித்தான் நின்றது.

அன்று குளித்து முடித்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை காயத்தில் அழுக்கு ஏறக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

துண்டுக்கு வந்துவிட்டோம் பாருங்கள்.

மோல்டிங் மெஷினில் சின்ன மரத்துண்டுகள் பின்னால் எகிறாமல் இருக்க ஒரு தடுப்புக்கட்டை உண்டு. அதன் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். வேறு எதையும் தொடவில்லை. பத்தரை மணிக்குப் பாட்டு பாதியில் நின்றது. நான் பதினைந்தடி தூரத்தில்தான் இருந்தேன். இரண்டு விரல்கள், மூன்றாவதில் பாதி. உள்ளங்கையில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கத்தவே இல்லை. கையை முகத்துக்கு நேரே தூக்கி, யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். துண்டைச் சுற்றி இறுக்கினேன். காயம் சுத்தமாக ஆறியது. டாக்டரே என்னைப் பாராட்டினார்.

அந்த வாரமே கம்பிச்சீப்பு ஏறியது. பாட்டுக்காரர் கம்பி என்று பேர். அவர் அப்புறம் பாடவில்லை, உண்மைதான். ஆனால் அந்த மெஷினில் பதினோரு வருஷமாக யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை யாரும் கேட்பதே இல்லை.

மூன்றாவது, பட்டை ரம்பம். இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றின் மேல் ஓடுகிற நீளமான எஃகுப் பட்டை. மேல் சக்கரத்துக்கு இரும்புப் பெட்டி போட வேண்டும். பட்டை அறுந்தால் உள்ளேயே சுருண்டுகொள்ளும். அங்கே நின்றவர் ஆறடி. பேரும் அதுதான், உயரமும் அதுதான். பட்டையின் இரண்டு முனைகளையும் பற்றவைப்பது என் வேலை. ஒரே ஒரு தடவை நான் அதைச் சரியாகப் பற்றவைக்கவில்லை.

அது அவ்வளவு உயரத்துக்கு வரும் என்று நினைக்கவில்லை. தோளில் விழும் என்று நினைத்தேன். காதிலிருந்து தாடைவரை கன்னம் திறந்துகொண்டது. உள்ளே கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. துண்டின் ஒரு முனையை வாய்க்குள்ளும் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. ஒரு கண் போய்விட்டது. கண் என் திட்டத்தில் இல்லை. அதற்காக நிஜமாகவே வருத்தப்பட்டேன். அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "நீங்க மட்டும் அன்னைக்குப் பக்கத்துல இல்லேன்னா இவர் இல்லைண்ணே" என்று அழுதாள். அவள் சொன்னதில் தப்பில்லையே.

ஆறடிப் பெட்டி இன்றும் இருக்கிறது. நீங்களே பார்த்திருப்பீர்கள், பச்சை பெயின்ட்.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு தடவை கேலியாகக் கேட்டாள். "ஏங்க, நம்ம வீட்டுல துண்டு மட்டும் எங்கதான் போகுது? கால் முளைச்சு நடந்துடுதா?" என்றாள். மில்லில் அடிபட்டவனுக்குக் கொடுத்தேன் என்றேன். பெருமையாகப் பார்த்தாள். அடுத்த முறை கடைக்குப் போனபோது எனக்கென்று கெட்டியானதாகப் பார்த்து வாங்கினாள்.

இப்போது என் மச்சினன். என் மனைவியின் தம்பி. அவளுக்கும் அவனுக்கும் பதினான்கு வயசு வித்தியாசம். தம்பி என்பதைவிட மகன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே மில்லில் சேர்த்துவிட்டேன். வேலை சுத்தம். வாய்தான் சும்மா இருக்காது. "மாமா, உங்க மூடியெல்லாம் பாத்தா ஆஸ்பத்திரி வார்டு மாதிரியே இருக்கு. கட்டிலுக்குக் கட்டில் பேர் எழுதிவச்சிருக்கீங்க. எனக்கு வார்டுல இடம் வேணாம், சாமி. என் பேரு என் கடை வாசல்ல தொங்கினா போதும்" என்பான்.

கடை வைக்க வேண்டும் என்பது அவன் கனவு. மேஜை, அலமாரி செய்கிற கடை. பெயர்ப்பலகையைக்கூடச் செதுக்கிவைத்துவிட்டான், சுற்றிலும் கொடி ஓட விட்டு. நடுவில் எழுத்து மட்டும் பாக்கி. பேர் முடிவாகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கழிவுப் பலகைகளில் உளியால் எழுத்துகளைச் செதுக்கிப் பழகிக்கொண்டிருப்பான். வலது கைக்காரன்.

நாலு மாசத்துக்கு முன்னால் நாலு பக்க இழைப்பு மெஷின் வந்தது. என் ஆயுசில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு முனையில் மரத்தைக் காட்டினால் போதும்; உருளைகள் அதைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே, கீழே, இரண்டு பக்கமும் கத்திகள். மறுமுனையில் நாலு பக்கமும் வழவழப்பாக வெளியே வரும். மரத்தைத் தள்ளுகிற வேலையே இல்லை.

கம்பெனி ஆளை வரவழைத்துப் பொருத்தச் சொல்லலாமா என்று முதலாளி கேட்டார். நான் இருக்கும்போது எதற்கு என்றேன். ஒரு விடுமுறை நாளில் தனியாகவே பெட்டியைப் பிரித்து, நிறுத்தி, கரன்ட் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் முதலாளி மெஷினைச் சுற்றி வந்தார். வயசாகிவிட்டது அவருக்கு. "மூடி கீடி வேணும்னா இப்பவே சொல்லிடுப்பா. இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வராண்டால உக்கார என்னால ஆகாது" என்றார். அளவெடுத்துச் செய்கிறேன், நாளாகும் என்றேன்.

ஆமாம். அவரே கேட்டார். அப்புறம் என்ன தடை என்றுதானே பார்க்கிறீர்கள்? நான் சொன்னதை நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை, மேடம். முதலாளி எப்போதுமே தடையாக இருந்ததில்லை. சும்மா மாட்டினால் ஆட்கள் கழற்றிவிடுவார்கள். அந்த மெஷினுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது.

மச்சினனைத்தான் அதில் போட்டேன். முதல் நாளே அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, கத்தியெல்லாம் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. இவ்வளவு பெரிய மெஷின் செஞ்சவன் மூடி ஒண்ணு குடுக்க மாட்டானா?" என்று கேட்டான். அவங்க வேகத்தைத்தான் விப்பாங்க, மூடி நம்ம வேலை என்றேன். சரி என்று தலையாட்டினான். இருபத்தேழு வருஷத்தில் தானாக மூடி கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

அவனை ஏன் என்கிறீர்கள். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். எல்லோருக்கும் பிடித்தவன், அவன் பேர் நிலைக்கும். அதோடு, என் அண்ணனை விட்டால், இதுவரை அடுத்தவன் வீட்டு விரல்களாகவே போயிருக்கின்றன. இந்தத் தடவையும் வெளியாளைத் தேர்ந்தெடுத்தால் சொந்தக்காரனைக் காப்பாற்றினேன் என்று ஆகிவிடும். அது நியாயமில்லை. ஒரு விரல் நுனி போதும் என்று நினைத்திருந்தேன். இடது கையாக இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அன்று காலை ஒரு உருளையின் அழுத்தத்தைக் குறைத்தேன். மரம் சிக்கினால் தள்ளிவிட வைத்திருக்கும் நீளக் குச்சியை எடுத்து என் அறையில் போட்டேன். துண்டு தோளில் இருந்தது. டீ நேரம் முடிந்து பதினொன்று பத்துக்கு, சின்ன மரத்துண்டு ஒன்று உருளைக்கும் கத்திக்கும் நடுவில் சிக்கி நின்றது. நான் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நுனி பட்டவுடன் அடித்துவிட வேண்டும் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன்.

அவன் குச்சியைத் தேடினான். சுவரோரம் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "மாமா, மெஷினை நிறுத்திடவா?" என்றான்.

"இதுக்கெல்லாமாடா நிறுத்துவாங்க? விரலால லேசாத் தள்ளிவிடு" என்றேன்.

தள்ளினான். வலது கையால்.

இதில் நான் செய்த ஒரே தப்பை ஒப்புக்கொள்கிறேன். என் வாழ்க்கை முழுக்க நான் பார்த்தவை மனிதன் தள்ளுகிற மெஷின்கள். அவற்றில் பல் பட்டால் கை தானாகப் பின்னால் வந்துவிடும். போனது போக மீதி வரும். இது இழுக்கிற மெஷின். கவ்வியதை அது விடுவதில்லை. எனக்கு அது தெரியும், நானே பொருத்திய மெஷின். ஆனால் என் கணக்கு பழைய மெஷினின் கணக்கு. சட்டைக் கையோடு சேர்த்து உருளை கவ்வியதும், அவன் மெஷின் மேல் குப்புற விழுந்தான். பொத்தானை அடித்தேன். உருளைகள் நின்றன. கத்திகள் நிற்கவில்லை. கரன்ட் போனாலும் சுழன்று ஓய்வதற்கு நேரம் பிடிக்கும். எண்ணினேன், ஒன்பது. அதுவரை அவன் கை உள்ளேதான் இருந்தது. மறுமுனையில் எப்போதும் போலச் சீவல்கள் வந்துகொண்டிருந்தன. நிறம்தான் வேறு.

வண்டியில் மரம் ஏற்றியிருந்தது. இறக்க நேரமில்லை. பலகைகளின் மேலேயே படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். துண்டு நன்றாகத்தான் நின்றது. ஆனால் மேலே அக்குள் பக்கமும் கிழிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

என் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்தத் துண்டைப் பார்த்தாள். சிவப்பாகிவிட்டாலும் அவள் வாங்கிய துண்டு அவளுக்குத் தெரியாதா. காலையில் நான் பையில் வைத்தபோது, "இன்னைக்கு எதுக்கு?" என்று கேட்டிருந்தாள், நான் சும்மா என்றிருந்தேன். கடைசியாக என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிங்க முன்னாடியே தெரியுது?" என்று மட்டும் கேட்டாள். உங்களிடம் துண்டு விஷயத்தைச் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு மெஷின் பற்றித் தெரியாது.

ஒன்று மட்டும் நேற்றிலிருந்து சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

வண்டியில் போகும்போது ஒரு தடவை அவனுக்கு நினைவு வந்தது. வலியைப் பற்றிப் பேசவில்லை. என்னைத்தான் சமாதானப்படுத்தப் பார்த்தான். "விடுங்க மாமா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான். அப்புறம் உதடு கோணி, சிரிக்கிற மாதிரி, "வார்டுல எனக்கும் ஒரு கட்டில் போட்டுட்டீங்க. இனிமேலாவது மூடி வந்துடுமில்ல?" என்று கேட்டான்.

வந்துடும்டா என்றேன்.

நான் அவனிடம் பொய் சொல்லவில்லை, மேடம். என் அறையில் பெரிய அலமாரிக்குப் பின்னால், பெட்டிப் பலகைகளைச் சாய்த்துவைத்திருக்கிறேன். அவற்றை நகர்த்திப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு மூடி இருக்கும். மெஷினோடு அதே பெட்டியில் வந்தது. கம்பெனிக்காரர்கள் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. அந்த மூடியைத் திறந்தாலே மெஷின் தானாக நின்றுவிடும். அது இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக உள்ளே அதன் சுவிட்சில் ஒரு சாண் கம்பியை வைத்து இணைத்திருக்கிறேன். மாட்டுகிறவர்கள் அந்தக் கம்பியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இப்போது மாட்டலாம். இனி அதை யாரும் கழற்ற மாட்டார்கள்.